காத்திருக்கத் தெரிந்த பணம்

கண்ணு,

நீ சாப்பிடாமல் போனதை முதலில் பேசித் தீர்த்துக்கொள்வோம். பென்ஷன் பணம், கடன் பத்திரம், குடிநீர்க் குழாய் எல்லாம் அப்புறம். அடுப்பில் ஆட்டுக்கால் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது, நீ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "பங்காருபேட்டையில ஏதாவது சாப்ட்டுக்கிறேம்மா" என்று சொல்லிச் செருப்பைத் தேடுகிறாய். பம்பாயில் பெரிய வேலையில் இருக்கிறவன், நாற்பதைத் தொடப்போகிறவன், வாத்தியாரிடம் அடி வாங்கி வந்த பையன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ரயிலுக்குப் போனால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? அந்தக் குழம்பை என்னால் வாயில் வைக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். ரொம்ப நன்றாக இருந்தது என்று பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தார்கள். அந்தக் கோபமும் சேர்ந்து உன்மேல் இருக்கிறது.

ரயில் பங்காருபேட்டை தாண்டுவதற்குள் உன் செய்தி வந்துவிட்டது. திட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், சங்கத்துப் பணம் பேங்கிலேயே இருக்கட்டும், இனி அந்த ஹாலுக்கு என்னைக் கூப்பிடாதீர்கள் என்று. எனக்கு மட்டும் அனுப்பியிருந்தால் படித்துவிட்டு அழித்திருப்பேன். நீ சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டாய், நம் ஊர் மைசூர் மைன்ஸ் பக்கம் வாசிக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் வாசித்தாகிவிட்டது. அதனால் நானும் என் பதிலை உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. ஒரு பிரதி உனக்கு, இன்னொரு பிரதி சங்கத்து ஹால் வாசலில் இருக்கும் பலகைக்கு. செயலாளர் செல்வராஜிடம் சொல்லிவிட்டேன், அவரும் தலையாட்டிவிட்டார். உன் மானம் எந்த இடத்தில் போயிற்று என்று நினைக்கிறாயோ அந்த இடத்திலேயே அது திரும்பி வரட்டும்.

பலகையில் படிக்கிறவர்களில் விஷயம் தெரியாதவர்களும் இருப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். தங்கச் சுரங்கம் மூடியபோது கைக்கு வந்ததில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, சங்கமாகச் சேர்ந்து நாங்களே ஓர் ஓய்வூதிய நிதி வைத்துக்கொண்டோம். பிறகு, விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளும் அதில் சேர்ந்தார்கள். அவர்கள் வேலை பார்க்கும் இடங்களில் பென்ஷன் என்ற பேச்சே கிடையாது. இளசுகள் மாதாமாதம் போடுகிறார்கள், கிழங்கள் நாங்கள் மாதாமாதம் வாங்கிக்கொள்கிறோம். பணம் முழுவதும் பேங்க் டெபாசிட்டில் கிடந்தது. வட்டி இறங்க இறங்க எங்கள் கைக்கு வருவதும் இறங்கியது. "உங்க பிள்ள இந்த வேலையிலதானே கீறான், அவன ஒரு யோசன கேளுங்கக்கா" என்று செல்வராஜ்தான் வந்து நின்றார். நீயும் கூலி வாங்காமல் செய்து கொடுத்தாய். நிதியில் நாலில் ஒரு பங்கை நீண்ட காலக் கடன் பத்திரத்தில் போடலாம், அந்தக் கடனை வாங்கி நம் மாநிலத்தின் வடக்கே தண்ணீர் இல்லாத ஒரு தாலுகாவுக்குக் குடிநீர்க் குழாய் போடுகிறார்கள், ஆறு மாதத்துக்கு ஒரு தரம் வட்டி வரும், அசல் திரும்ப இருபது வருஷம் ஆகும். இதுதான் உன் திட்டம். சங்கத்தார் கூடிக் கை தூக்கினால்தான் நடக்கும்.

அதற்காக ஹாலில் கூடிய அன்றைக்கு நீ நன்றாகவே பேசினாய். பேங்கில் பணம் போடுகிறவன் நாளைக்கே திருப்பிக் கேட்பான், அந்தப் பணத்தை எடுத்து இருபது வருஷம் கழித்துத் திரும்புகிற குழாயில் போட்டுவிட்டு பேங்க்காரன் எப்படி நிம்மதியாகத் தூங்குவான் என்று கேட்டாய். டாலரில் கடன் வாங்கிக் கட்டினால், டாலர் ஏறும்போதெல்லாம் நம் கடனும் ஏறும், குழாயில் வருவதோ ரூபாய்தான் என்றாய். ரோடும் தண்ணீரும் கரண்டும் இன்னும் எவ்வளவோ வேண்டியிருக்கிற நாட்டுக்கு, அவசரப்படாத பணம் வேண்டும். வயதான காலத்துக்கு என்று இன்றைக்கே எடுத்து வைக்கிறானே, அவன் பணம்தான் அவசரப்படாமல் காத்திருக்கும் என்று சொன்னாய். எனக்கே அப்போதுதான் விளங்கியது. பின்வரிசையில் செல்வராஜ் மகள் மீனா போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் போனைக் கீழே வைத்து நான் பார்த்ததே இல்லை.

அப்புறம்தான் அந்தப் படத்தைப் போட்டாய். இடது பக்கம் உயரத்தில் தொடங்கி வலது பக்கம் சரிந்து இறங்குகிற ஒரு கோடு. இன்றைக்குப் பென்ஷன் வாங்குகிறவர்களில் எத்தனை பேர் இன்னும் எத்தனை வருஷம் வாங்குவார்கள் என்ற கணக்கு. அதாவது நாங்கள் எல்லோரும் எப்போது சாவோம் என்பதை நீ சுவரில் காட்டினாய். முன்வரிசையில் இன்ஹேலரும் கையுமாக உட்கார்ந்திருந்த டேவிட் அண்ணன் எழுந்து நின்றார். "இன்னா தம்பி, இந்தக் கோட்டுல நான் எங்க கீறேன்? மேலயா, சறுக்குமரத்துலயா?" என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு. பின்னால் இருந்து யாரோ, "நீ எப்பவோ கோட்டத் தாண்டிப் பூட்ட டேவிட்டு, சொம்மா உக்காந்துகினு கீற" என்றார்கள். சிரிப்பு இன்னும் பெரிதானது. அதோடு விட்டிருக்கலாம். செல்வராஜ் சும்மா இராமல், "உங்கம்மா எங்க கீறாங்க? அதையும் காட்டிடுப்பா" என்றார். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். நீ லேப்டாப்பை மூடினாய்.

நான் சிரித்ததுதான் உனக்கு ரொம்ப வலித்தது என்று தெரியும். அதற்குக் காரணம் சொல்கிறேன், கேள். நான் கம்பெனி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறை உதவியாளாக இருந்தவள் என்பது உனக்குத் தெரியும். அந்த அறைக்கு வெளியே வரிசையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது தெரியாது. உன்னைப் படிப்புக்காக ஹாஸ்டலில் போட்டுவிட்டோம், லீவில் வந்தபோது நீ புத்தகத்தைவிட்டு நிமிரவில்லை. சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களுக்கு அவ்வப்போது நெஞ்சுப் படம் எடுப்போம். சட்டையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். கல்தூசி யாருடைய நெஞ்சில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பது படத்தில் தெரிந்துவிடும், அது அவர்களுக்கும் தெரியும். "அக்கா, எனக்குக் கொஞ்சம் அழகா எடுங்க, பொண்ணு வீட்டுக்கு அனுப்பணும்" என்பான் ஒருவன். படம் வந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "உன்னுதுல மோடம் போட்டுகினு கீதுடா, சாயங்காலம் மழ வரும்" என்பான் இன்னொருவன். வாய் விட்டுச் சிரித்தால் நோய் விட்டுப் போகும் என்பார்கள். நோய் போகவில்லை. ஆனால் சிரிக்காமல் ஒருவரும் அந்த அறைக்குள் வந்ததில்லை, உன் அப்பா உட்பட. அவர் படத்தை எடுத்த அன்றைக்கும் எனக்கு முன்னால் ஏதோ சொல்லிச் சிரித்தார், நானும் சிரித்தேன், வீட்டுக்கு வந்து அழுதேன்.

அந்த வரிசையில் எப்போதாவது ஒரு ஆபீசரும் நிற்பார். அவர் வந்துவிட்டால் பேச்சு அடங்கிவிடும். வாங்க சார், உக்காருங்க சார், முன்னால போங்க சார் என்று மரியாதை தூள் பறக்கும். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை வராது. இவர்கள் ஒருவனைக் கிண்டல் செய்தால் அவன் இவர்களுடைய ஷிப்ட் ஆள். மரியாதை கொடுத்தால் அவன் வெளியாள். இதைப் புரிந்துகொள்ளாமல் போய்விட்டாயே. போட்ட பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்று எத்தனை பேர் டை கட்டிக்கொண்டு நம் ஹாலுக்கு வந்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நாற்காலி போட்டு, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, கடைசிவரை பொறுமையாகக் கேட்டு, கை குலுக்கி அனுப்பிவைத்தார்கள். ஒருவன்கூட அவர்களிடம் நக்கலாக ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரு பைசாவும் கொடுக்கவில்லை. டேவிட் அண்ணன் உனக்கும் அப்படி டீயும் பிஸ்கட்டும் கொடுத்திருந்தால் நான் கவலைப்பட்டிருப்பேன்.

நீ போன மறுநாள் அவர் வீட்டுக்கு வந்தார். வாசற்படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "இன்னாக்கா, பிள்ள கோச்சிகினு பூட்டானாமே? நான் இன்னா தப்பாக் கேட்டேன்?" என்றார். "தப்பா ஒன்னும் கேக்கல, அவனுக்குத்தான் புரியல" என்றேன். மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பதிலு தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். எனக்கு எவ்ளோ நாளு, அதுக்கு எவ்ளோ துட்டு எடுத்து வெக்கணும், மிச்சம் எவ்ளோ பூட்டி வெக்கலாம். அதத்தானே புள்ள கணக்குப் போட்டான்? பாதியில மூடிட்டானே" என்றார். உன் கணக்கை முழுதாகப் புரிந்துகொண்டு கேட்ட மனிதரை, உன்னை அவமானப்படுத்த வந்தவர் என்று நினைத்துவிட்டாய்.

அந்த வாரமே பேத்தமங்களாவில் ஒரு கல்யாணம், எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த வீடு. பஸ்ஸில் சேர்ந்து போனோம். சாப்பிட்டு முடித்ததும், கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று அவர் ஏரிக்கரைப் பக்கம் நடந்தார். மழை நன்றாகப் பெய்திருந்ததால் தண்ணீர் நிறைந்து நின்றது. கரையில் பழைய பம்ப் ஹவுஸைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டு அவர் பேச்சை எடுத்தார். "நம்ம குடிச்ச தண்ணி இங்கேந்துதானே வந்துது. இந்த மெஷினு, பைப்பு எல்லாத்துக்கும் துட்டு யாருக்கா போட்டாங்க?" கம்பெனி என்றேன். "கம்பெனிக்கு?" சீமையில் ஷேர் வாங்கினவர்கள் என்றேன். "அவங்கள்ல வயசானவங்களும் இருந்திருப்பாங்க இல்ல? புருஷன் பூட்ட எவளாவது ஒருத்தி, மாசச் செலவுக்கு ஆவும்னு வாங்கிப் போட்டிருப்பா." இருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் இருமினார். "அவ துட்டுதான் நமக்குத் தண்ணியாவும் வந்துது, தூசாவும் வந்துது. ஒரே ஒரு நாளு கப்பலேறி வந்து நம்மளப் பாத்திருந்தா இன்னா கேட்டிருப்பா? பாக்கலியே." அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "இப்ப நம்மதான்க்கா அந்தச் சீமைக் கெழவி" என்றார்.

கண்ணு, இந்த வார்த்தை எனக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது. நம் ஜனங்கள் வட ஆற்காட்டிலிருந்து பிழைக்க வந்த நாளிலிருந்து, யாரோ போட்ட பணத்துக்கு உழைத்தவர்கள். நாம் பணம் போடுகிற பக்கத்தில் உட்கார்வோம் என்று யாரும் கனவு கண்டதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, வெளிப்படையாகவே சொல்கிறேன், பெருமையாகவும் இருந்தது. நமக்கு முகம் தெரியாத ஒரு தாலுகாவில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், அதில் என் பங்கும் இருக்கும், நான் தண்ணீர் எடுத்துப் போகவில்லை, குடம் தூக்கவில்லை, பென்ஷனில் கொஞ்சம் காத்திருக்கச் சம்மதித்தேன், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சீமை அம்மாள் செய்த தப்பை நாமும் செய்யக் கூடாது. டேவிட் அண்ணன் கேட்டார்: "தம்பி அந்த ஊருக்குப் போயிப் பாத்தானா?" பேப்பரில் பார்த்திருப்பான் என்றேன். "பேப்பர்ல நம்மளயும்தான் பாத்தாங்க" என்றார்.

ஆகவே இது சங்கத்தின் நிபந்தனை. செல்வராஜும் ஒப்புக்கொண்டார், பலகையில் இதைப் பார்த்து யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் வந்து சொல்லட்டும். நீ அந்தத் தாலுகாவுக்கு நேரில் போக வேண்டும். உனக்குக் கன்னடம் நன்றாக வரும், ஆபீஸ் இங்கிலீஷைப் பையிலேயே வைத்துவிட்டு வாய் திறந்து பேசு. குழாய் யார் நிலத்தின் வழியாகப் போகிறது, அவர்களுக்குச் சேர வேண்டியது சேர்ந்ததா என்று கேள். பள்ளம் வெட்டுகிறவர்கள் தலைக்குமேல் மண் சரியாமல் முட்டுக் கொடுத்திருக்கிறார்களா என்று பார். அதை டேவிட் அண்ணன் குறிப்பாகச் சொல்லச் சொன்னார். தண்ணீருக்கு என்ன கட்டணம், கட்ட முடியாதவர்களுக்கு என்ன வழி என்றும் விசாரி. நம் ஊரில் தண்ணீரும் கரண்டும் கம்பெனி கொடுத்தது, பில் என்ற ஒன்றையே நாங்கள் பார்த்ததில்லை. சுரங்கம் மூடிய பிறகு முதல் பில் வந்தபோது யாரோ தப்பாகப் போட்டுவிட்டுப் போன காகிதம் என்று தெருவே திருப்பிக் கொடுத்தது. அந்த ஊர்க்காரர்களும் அப்படிச் செய்தால் நமக்கு வட்டி எங்கிருந்து வரும்? அவர்களால் கொடுக்க முடிந்தால்தான் நமக்கு வரும். அவர்கள் நன்றாக இருப்பதும் நம் பென்ஷனும் ஒரே குழாயில்தான் வருகிறது.

இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நீ நாலில் ஒரு பங்கு என்று அளந்தது சரி. முதல் வட்டி ஒழுங்காக வந்துவிட்டால் இதே ஹாலில் இதே மனிதர்கள், மொத்தத்தையும் போடு தம்பி என்பார்கள். முதலில் சொல்வது செல்வராஜாகத்தான் இருக்கும், பலகையில் படிக்கட்டும், பரவாயில்லை. அப்போது நீ முடியாது என்று சொல்ல வேண்டும். நாளைக்கு ஏதாவது பெரிய மனிதர் வந்து, என் தொகுதியில் ஒரு பாலம் இருக்கிறது, பென்ஷன் பணத்தை அதில் போடு என்பார். பாலம் யாருக்கு, வண்டி போகுமா என்று பார்க்காமல் தலையாட்டக் கூடாது. காத்திருக்கத் தெரிந்த பணம் என்று நீ சொன்னாயே, அது காத்திருக்கும்தான், ஏமாந்தால் அழ மட்டும் அதற்குத் தெரியாது. அழப்போவது நாங்கள். பம்பாயில் உன் ஆபீசில் இதைவிடப் பெரிய பெரிய நிதிகளைப் பார்க்கிறாய், அங்கேயும் இதே கேள்விகளைக் கேட்கிறாயா என்று எனக்குத் தெரியாது. கேட்பாய் என்றுதான் நினைக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மீனா வந்தாள். "ஆன்ட்டி, நான் கட்றதெல்லாம் தாத்தாங்களுக்குத்தான் போவுதுன்னு நெனச்சிகினு இருந்தேன். அண்ணன் சொன்னதப் பாத்தா, அந்த அசலு திரும்பி வரும்போது எனக்கு நிக்குது இல்ல?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப நான் சேந்ததுக்கு ஒரு அர்த்தம் கீது" என்றாள். அவள் கூடப் போகிற ரயில் பிள்ளைகள் சிலரும் சேரலாமா என்று கேட்கிறார்களாம். நீ தோற்றுப்போனதாக நினைத்துக்கொண்டு பம்பாயில் உட்கார்ந்திருக்கிறாய், இங்கே உன் பேச்சு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

இனி எழுதப்போவதைப் பலகையில் ஒட்ட வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம், அதை மறைத்தால் நீ செய்ததையே நானும் செய்ததாகிவிடும் என்று தோன்றியது, ஒட்டுகிறேன். நீ எழுந்து போனது டேவிட் அண்ணன் கேட்ட கேள்விக்காக இல்லை. அதற்கு நீ சமாளித்துச் சிரிக்கக்கூடப் பார்த்தாய். செல்வராஜ் என்னைப் பற்றிக் கேட்டதும்தான் லேப்டாப்பை மூடினாய். போன வருஷம் எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நீ. அந்தக் கோட்டை நீ பல நாள் உட்கார்ந்து போட்டிருப்பாய், ஒவ்வொரு வயதையும் பார்த்திருப்பாய், என் வயது வந்த இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா.

நீ மூடுவதற்கு முன்பே நான் என் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். சரிவில்தான் இருக்கிறேன். அசல் திரும்புகிற இடம்வரை என் கோடு போகவில்லை. பயமே இல்லை என்று சொன்னால் அது பொய். உன்னைப் பார்க்காத ஒரு நாளில் போய்விடுவேனோ என்று பயம் உண்டு, நீ ஒருவன்தானே எனக்கு. ஆனாலும் அந்தக் கோடு எனக்குப் பிறகும் நீண்டுகொண்டு போனதைப் பார்க்க நிம்மதியாகவும் இருந்தது. ஒன்று மட்டும் மனதில் வை. அம்மாவுக்காக ஒரு கோட்டை மறைக்கிறவன் நாளைக்கு மேலதிகாரிக்காக இன்னொன்றை மறைப்பான். அப்படிப்பட்டவன் கையில் வயதானவர்கள் பணம் இருக்கக் கூடாது, அவன் என் பிள்ளையாகவே இருந்தாலும்.

கூட்டத்தை நீ வரும்வரை தள்ளி வைத்திருக்கிறார்கள். அந்த ஊரைப் பார்த்துவிட்டு இங்கே வா. நேரில் கண்டது சரியில்லை என்றால் அதையும் அப்படியே சொல், வேறு ஊர் பார்ப்போம், சங்கம் எங்கேயும் ஓடிவிடாது. சரியாக இருந்தால் அதே படத்தை அதே சுவரில் போடு. செல்வராஜ் இந்தத் தரம் வாய் திறக்க மாட்டார், நானே எழுந்து கேட்பேன், என் இடம் எது என்று. நீ எல்லோருக்கும் தெரிகிற மாதிரி விரலை வைத்துக் காட்டு. அதற்குப் பிறகு, இருபது வருஷத்துக்குக் கொடுக்கச் சம்மதமா என்று சபையைக் கேள். முதலில் தூக்குகிற கை என்னுடையதாக இருக்கும்.

அம்மா